முனகாத மோட்டார்

அந்த வீட்ல பழைய மோட்டார் முனகறதைக் கேட்டுத்தான் எல்லா வேலையும் நடக்கும். முன்ரூம்ல கத்தி தீட்டற பெல்ட் மெஷின். உப்புத்தாளை நீள வளையமா ஒட்டி, மூணு உருளை மேல மாட்டி ஓட விட்டா எப்படி இருக்கும், அவ்ளோதான் அது. அதை ஓட்டற மோட்டார் எந்தக் காலத்துலயோ ஒரு மாவு மில்லுலேருந்து கழட்டினது. கத்தியை வச்சு அழுத்தினா ரெண்டு மூச்சு நேரம் தாங்கும். அப்புறம் பல்வலிக்காரன் மாதிரி ம்ம்ம்னு முனக ஆரம்பிச்சிடும். முனகினா கத்தியை எடுத்துடணும், எடுத்துப் பக்கத்துல இருக்கற பக்கெட் தண்ணில முக்கணும். ஏன்னா அதுக்குள்ள இரும்பு சூடாயிருக்கும். இதை யாரும் சட்டமா சொல்லி வைக்கல. மோட்டார் முனகும், கை தானா பின்வாங்கும், தண்ணி ஸ்ஸ்னு சொல்லும். முனகல், ஸ்ஸ். முனகல், ஸ்ஸ். காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் இதுதான் அந்த வீட்டுப் பாட்டு.

மெஷின்ல நிக்கறது மாப்பிள்ளை. வீட்டோட மாப்பிள்ளைங்கறதால தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். பால் போடறவரு, குப்பை எடுக்கறவரு, எதிர் வீட்டுக் குழந்தை, எல்லாருக்கும் அவரு மாப்பிள்ளை. ஒரு மனுஷனுக்குத் தெரு நிறைய மாமனாரு இருந்தா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க. நிஜ மாமனாரு ஒருத்தரே போதும்னு இருந்தது அவருக்கு.

கடை மாமனாரோடது. பெரியவருன்னு சொல்வாங்க. முதுகு போனதுலேருந்து அவருக்கு நாற்காலிதான் வேலை. முதுகு போச்சே தவிர வாய் போகல. மெஷின் பக்கத்துலயே நாற்காலியைப் போட்டுக்கிட்டு, இடது பக்கம் சாயுது மாப்ளே, கண்ணாடி போட்டுக்குங்க மாப்ளே, நேத்து சாப்பிட்டது எங்க போச்சு மாப்ளேன்னு ரொம்ப மரியாதையா, நீங்க வாங்க போங்கன்னு சொல்லிச் சொல்லியே ஆளை உரிப்பாரு. திட்டினாலாவது திரும்பத் திட்டலாம். மரியாதை குடுத்தா என்ன பண்றது.

பெரியவரோட ஒரே பொண்ணுதான் மாப்பிள்ளையோட சம்சாரம். அவளுக்குச் சின்ன வயசுலயே நெருப்புக்கோழின்னு பேரு. கழுத்து கொஞ்சம் நீளம், அதோட எப்பப் பாத்தாலும் உலைகிட்டயே நிப்பா. பேரு நீளமா இருக்குன்னு பாதியை விட்டுட்டு, அப்பா, தெரு, புருஷன் எல்லாருக்கும் அவ கோழி ஆயிட்டா. ஆனா வேலை நெருப்பு வேலைதான். கத்தியை அறுத்து வடிவம் வந்ததும் அது வெறும் தகரம் மாதிரிதான் இருக்கும். உலைல சிவக்க வச்சு, சரியான நேரத்துல எடுத்து, சூடு பண்ணின எண்ணெயில முக்கி, அப்புறம் ஒரு சின்ன கரண்ட் அடுப்பு அவன்ல வச்சு லேசா இளக்கணும். அப்பதான் அது கத்தி. பதம் போடறதுன்னு சொல்வாங்க. சாணை பிடிக்கறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

கடைக்கு வர்றவங்ககிட்ட பெரியவரு ஒண்ணை மட்டும் தவறாம சொல்வாரு. "பதம் எம்பொண்ணோடது." அவ்ளோதான். வேற ஒரு நல்ல வார்த்தை அந்த வாயிலேருந்து அவளுக்கு வந்ததில்ல. சமையல்ல உப்பு, பேச்சுல சத்தம், நடையில அவசரம், பிள்ளை தங்காத வயிறு, எல்லாத்துக்கும் ஒரு குத்தம் வச்சிருப்பாரு. பதத்துக்கு மட்டும் குத்தம் கிடையாது. அந்த ஒத்தை வார்த்தையை முதுகெலும்பு மாதிரி வச்சுக்கிட்டுத்தான் அவ அந்த வீட்ல நிமிந்து நடந்தா.

இப்படி இருக்கறப்ப ஒரு பெரிய ஓட்டலோட சமையல் மாஸ்டர் வந்தாரு. அவரோட கிச்சன் முழுசுக்கும் கத்தி வேணுமாம். பெரியவருக்கு வாயெல்லாம் பல்லு. மாப்பிள்ளை மட்டும் இந்த மோட்டாரை வச்சுக்கிட்டு முடியாது மாமான்னாரு. மோட்டார் பத்தலையா, ஆள் பத்தலையா மாப்ளேன்னு கேட்டாரு பெரியவரு. அன்னிலேருந்து மாப்பிள்ளை தட்டுல கை வச்சா மோட்டார், கை கழுவினா மோட்டார். அரை மணி நேரத்துல தீட்ட வேண்டியதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகுது, அழுத்தி அழுத்தித் தோள்பட்டை இறங்கிப் போச்சு, ஊர்ல எல்லாரும் பெரிய மோட்டாருக்கு மாறியாச்சுன்னு ஒரே புலம்பல். கடைசில பெரியவரு, வாங்கித் தரேன் மாப்ளே, ஆனா அதுக்கப்புறம் குறை சொல்ல உங்களுக்கு எதுவும் மிச்சம் இருக்காது, பாத்துக்குங்கன்னாரு. மாப்பிள்ளைக்குக் காதுல விழுந்தது முதல் பாதி மட்டும்தான்.

புது மோட்டார் வந்துது. பழசு ஒரு பூசணிக்காய்னா இது ஒரு கன்னுக்குட்டி. மாப்பிள்ளை அதைத் துடைச்சுத் துடைச்சு வச்சதைப் பாத்தா, கல்யாணத்தன்னிக்குக் கூட கோழியை அவரு அப்படிப் பாத்ததில்ல. ஆனா எதுவும் சேரல. அடித்தட்டுல ஓட்டை வேற இடத்துல வந்துது, புதுசா துளை போட வேண்டியதாச்சு. மோட்டார் தண்டு தடியா இருந்துது, பெல்ட்டை ஓட்டற பழைய வீல் உள்ள போகல. லேத்துக்காரர்கிட்ட வீலோட ஓட்டையைப் பெருசு பண்ணக் கொண்டு போனாரு. அந்த மனுஷன் மோட்டாரோட பேரைக் கேட்டதுமே நிமிந்து பாத்தாரு. பழசு சுத்தறதைப் போல இது ரெட்டிப்பு சுத்தும், இதே வீலைப் போட்டா பெல்ட் பேயா ஓடும், பாதி சைஸ்ல ஒண்ணு கடைஞ்சு தரேன், ரெண்டு நாள் பொறுங்கன்னாரு. பேயா ஓடத்தானே வாங்கியிருக்குன்னு சிரிச்சுட்டு, ஓட்டையை மட்டும் பெருசு பண்ணிக்கிட்டு வந்துட்டாரு மாப்பிள்ளை.

மாட்டி முடிச்சு சுவிட்சைப் போட்டதும் முன்ரூம் முழுக்க காத்து வீசுச்சு. பெரியவரு வேட்டியே பறந்துது. மாப்பிள்ளை பெருமையா ஒரு இரும்புத் துண்டை எடுத்துப் பெல்ட்ல வச்சாரு. அது தெறிச்சு மேல வந்து அவரு நெத்தியிலயே அடிச்சுது. கீழ்ப்பக்கமா ஓட வேண்டிய பெல்ட் மேல்பக்கமா ஓடிக்கிட்டிருக்கு. பெல்ட்டோட உள்பக்கத்துல எந்தத் திசைன்னு அம்பு போட்டிருப்பான், அதைக்கூட யாரும் பாக்கல. பெரியவரு சிரிச்ச சிரிப்புல நாற்காலி கிறீச்சிட்டுது.

"மோட்டாரும் உங்களை மாதிரியே இருக்கு மாப்ளே," அப்படின்னாரு. "வந்த வீட்ல எதிர்ப்பக்கம் சுத்துது."

வயர்மேனைக் கூட்டிட்டு வந்தாங்க. அவரு மோட்டார் மேல இருந்த பெட்டியைத் திறந்து ரெண்டு வயரை இடம் மாத்திப் போட்டாரு, தீந்துது. ஆனா பெரியவரு அந்தக் கதையை வயர்மேனுக்கு ஒரு தடவை, பால்காரருக்கு ஒரு தடவைன்னு நடிச்சே காட்டினாரு. வாசப்படில நின்னுக்கிட்டிருந்த கோழியும் சிரிச்சா. அவளால அடக்க முடியல. நெத்தியில எலுமிச்சம்பழம் மாதிரி வீக்கத்தோட அவளை ஒரு பார்வை பாத்தாரு மாப்பிள்ளை. அவ உடனே உள்ள போய் ஐஸ் எடுத்துட்டு வந்து குடுத்தா. அதை நெத்தியில வைக்காம பக்கெட்ல போட்டாரு.

மறுநாள் ஓட்டல் கத்தி தீட்ட ஆரம்பிச்சாரு. கோழி அடுப்படில இருந்தா. பெல்ட் ஓடற சத்தம் மட்டும் ஒரே சீரா வருது. ஏதோ ஒண்ணு குறையுதேன்னு அவளுக்குத் தோணிக்கிட்டே இருந்துது. வெங்காயத்தை உரிச்சா, வாணலியை எடுத்தா, அப்பவும் தோணுது. அப்புறம்தான் உறைச்சுது. முனகல் வரல. முனகல் வராததால ஸ்ஸும் வரல. புது மோட்டாருக்கு இவரு அழுத்தற அழுத்தலெல்லாம் தூசு. அது பாட்டுக்கு ஓடுது. எப்ப எடுக்கணும்னு சொல்ல ஆளில்லாம, பழைய பழக்கத்துல இடுப்பை முட்டுக் குடுத்து இவரு அழுத்திக்கிட்டே நிக்கறாரு.

ஓடிப் போய்ப் பாத்தா, கத்தி முனைல புறாக்கழுத்து மாதிரி நீலம் பூத்திருக்கு. பதம் போட்ட இரும்புல நீலம் வந்துதுன்னா அந்த இடம் வெந்து போச்சுன்னு அர்த்தம். மறுபடி அது தகரம்தான். அவ பாக்கறதை அவரும் பாத்தாரு. லேசா ஒரே ஒரு இழுப்பு. நீலம் காணாமப் போச்சு. கத்தி கண்ணாடி மாதிரி மினுங்குது.

அது செத்துப் போச்சுங்கன்னா அவ. பளபளன்னு இருக்கே, என்ன செத்துப் போச்சுன்னாரு. மேல இருந்த நிறத்தைத்தான் வழிச்சீங்க, உள்ள வெந்தது வெந்ததுதான், தள்ளி வைங்க, புதுசா அறுத்துக் குடுங்க, நான் பதம் போட்டுத் தரேன்னு சொன்னா. அவரு நாற்காலிப் பக்கம் திரும்பிப் பாத்தாரு. பெரியவரு தலையைத் தொங்கப் போட்டுத் தூங்கிக்கிட்டிருந்தாரு.

"மூணுதான் அப்படி ஆச்சு, அதுவும் முனைல மட்டும்," அப்படின்னாரு குரலைத் தாழ்த்தி. "இனி பாத்துப் பண்றேன். உங்கப்பா காதுல போட்டா என்னை வாசல்ல கட்டித் தொங்க விட்டுடுவாரு. சொல்லாத கோழி. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

நெத்தி வீக்கம் இன்னும் வடியல. நேத்து நாம சிரிச்சிருக்கக் கூடாதுன்னு அவளுக்குக் குத்துச்சு. சரின்னுட்டா. அந்த வீட்ல அவ காட்டின ஒரே இரக்கம் அதுதான். அதுக்குத்தான் அப்புறம் வாங்கிக் கட்டிக்கிட்டா.

முதல் தவணைக் கத்தியெல்லாம் ஓட்டலுக்குப் போச்சு. கொஞ்ச நாள் கழிச்சு சமையல் மாஸ்டரே கிளம்பி வந்தாரு. துணியைப் பிரிச்சு மூணு கத்தியை மேஜைல வச்சாரு. முனைப்பக்கம் கூர் மடங்கி, சிகரெட் டப்பாக்குள்ள இருக்கற வெள்ளித்தாள் மாதிரி சுருண்டிருக்கு. மீதியெல்லாம் அருமைய்யா, இது மூணு மட்டும் ஏன் இப்படின்னு கேட்டாரு. நல்ல மனுஷன், கோவமாக்கூட கேக்கல.

பெரியவரு வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை முந்திக்கிட்டாரு.

"பதம் பத்தல மாமா. சாணைல வச்சப்பவே கை சொல்லுச்சு, மெத்துனு இருக்குன்னு. சொன்னா அவ மனசு கஷ்டப்படுவான்னு விட்டுட்டேன்."

கோழி வாசப்படில ஈரக்கையோட நின்னுக்கிட்டிருந்தா. அவரைப் பாத்தா. அவரு மேஜையைப் பாத்துக்கிட்டு நின்னாரு. அவ கையை முந்தானைல துடைச்சுக்கிட்டு வந்து, ஆணில மாட்டியிருந்த அரத்தை எடுத்தா. பதமான இரும்புல அரம் பிடிக்காது, வழுக்கும். பதம் இல்லாத இடத்துல கடிக்கும். கத்தியோட அடிப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்தா. வழுக்கிச்சு. நடுவுல இழுத்தா. வழுக்கிச்சு. முனைல வச்சதும் கர்ருனு கடிச்சுது, இரும்புத் தூள் மேஜைல விழுந்துது. பதம் தப்பியிருந்தா கத்தி முழுக்கத்தானே தப்பணும், முனை மட்டும் எப்படித் தப்பும்? மாஸ்டருக்குப் புரிய ஆரம்பிச்சுது, புருவத்தைத் தூக்கினாரு.

பெரியவரு நாற்காலிலேருந்து கையை நீட்டி, அவ கைலேருந்து அரத்தை மெதுவா வாங்கித் தொடை மேல வச்சுக்கிட்டாரு.

"வீட்டு வேலையும் பாத்துக்கிட்டு உலையும் பாக்கறா. அன்னிக்குக் கவனம் எங்கயோ போயிருக்கும். பொம்பளைதானே, விடுங்க," அப்படின்னாரு மாஸ்டர்கிட்ட. "மூணும் புதுசா போட்டுத் தரோம். மீதி ஆர்டரும் சேத்துத்தான். இனி பதம் நாங்க ஆம்பளைங்க பாத்துக்கறோம்."

மாஸ்டர் கோழியைப் பாத்தாரு, அரத்தைப் பாத்தாரு. அடுத்த வீட்டுச் சண்டைல நமக்கென்னன்னு நினைச்சிருப்பாரு போல, டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பிட்டாரு.

அவரு தலை மறைஞ்சதும் கோழி அப்பாகிட்ட போனா. நீலம் வந்ததை நானே பாத்தேன்ப்பான்னா. எனக்குத் தெரியாதான்னாரு அவரு. கண்ணை மூடியிருந்தா தூங்கறேன்னு அர்த்தமான்னு கேட்டாரு. நீ ஓடி வந்தது, இவரு கும்பிட்டது, எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்னாரு. அப்ப ஏன்ப்பா இப்படிப் பண்ணினீங்கன்னு கேட்டா.

"மெஷின்ல நிக்கற கை சரியில்லன்னு வெளிய போனா கடையை மூட வேண்டியதுதான். உலைகிட்ட நிக்கறது யாருன்னு எவனுக்குத் தெரியும்? அங்க ஒரு தப்புன்னா பொம்பளை பண்ணினான்னு விட்டுடுவான்." அதோட நிறுத்தல. மாப்பிள்ளை பக்கம் முகத்தைத் திருப்பினாரு. அவ்ளோ சந்தோஷமா அந்த முகத்தை யாரும் பாத்ததில்ல. "இன்னொண்ணும் இருக்கு. இனிமே இவரு என் முன்னாடி ஆயுசுக்கும் வாயைத் திறக்க மாட்டாரு. என்ன மாப்ளே?"

மாப்பிள்ளை பக்கெட் தண்ணியைப் பாத்துக்கிட்டே, "ஆமாம் மாமா"ன்னாரு.

அதாவது, பொண்ணோட பேரைக் குடுத்து மாப்பிள்ளையோட நாக்கை வாங்கியாச்சு. உலைப்பக்கம் நீ இனி வர வேணாம்னு சொல்லிட்டாரு பெரியவரு. அவ கைபட்டுக் கைபட்டுக் கறுத்த குறடு மாப்பிள்ளை கைக்குப் போச்சு. சாயங்காலம் தண்ணி குடிக்க அடுப்படிக்கு வந்த மனுஷன், கொஞ்ச நாள்தான், எல்லாம் அடங்கட்டும்னு சமாதானம் மாதிரி ஏதோ சொன்னாரு. டம்ளரைக் கவுத்து வச்சுட்டுப் போறப்ப வாசல்ல திரும்பி நின்னு, "அன்னிக்கு நீயும்தானே சிரிச்ச"ன்னாரு.

அப்பதான் அவளுக்குள்ள ஏதோ ஒண்ணு இறுகிப் போச்சு. கோவம்னு நினைக்காதீங்க. கோவம்னா சட்டி பானை உருளும். அவ அன்னிக்கு எல்லாப் பாத்திரத்தையும் சத்தமில்லாம தேச்சு, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்சா.

மாப்பிள்ளை பதம் போட்ட நாள் நல்ல வெயில். உலை இருக்கறது அடுப்படியை ஒட்டின சின்ன ரூம்ல, நடுவுல ஒரு பலகைச் சுவரு. கோழி பதம் போடறப்பல்லாம் ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைச்சு, கதவிடுக்குல துணியைக்கூட அடைச்சுடுவா. இருட்டுலதான் இரும்போட சிவப்பு உள்ளபடி தெரியும். வெளிச்சத்துல நெருப்பு நிறம் மங்கலாத் தெரியும், இன்னும் காயல இன்னும் காயலன்னு விட்டுக்கிட்டே இருந்தா, இரும்பு எப்பவோ அளவைத் தாண்டிப் போயிருக்கும். இவ என்னத்துக்கு இருட்டுல உக்காந்து வெந்து சாகறான்னுதான் வீட்ல பேசிக்குவாங்களே தவிர, ஏன்னு யாரும் கேட்டதில்ல. அவளும் சொன்னதில்ல.

பலகைக்கு அந்தப் பக்கம் ஜன்னல் கொக்கியை எடுக்கற சத்தம் கேட்டுது. கண்ணு தெரியாம என்ன வேலை, லைட்டையும் போடுங்க மாப்ளேன்னு முன்ரூம்லேருந்து பெரியவரு குரல். டக்குனு சுவிட்ச் போடற சத்தமும் வந்துது.

கோழி கத்தரிக்காய் நறுக்கிக்கிட்டிருந்தா. கத்தி பாதியில நின்னுது. ஜன்னலைச் சாத்துங்கன்னு சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு போதும். மூச்சை இழுத்தா. பலகைக்கு அந்தப் பக்கம் உலை உறுமறது கேக்குது. இழுத்த மூச்சை அப்படியே வச்சுக்கிட்டா. அப்புறம் மெதுவா விட்டுட்டு, மிச்சக் கத்தரிக்காயை நறுக்கினா. ரொம்பப் பொடியா நறுக்கினா.

அடுத்த நாள், இளக்கற அவன்லேருந்து எடுத்த கத்தியைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்கே வந்துட்டாரு மாப்பிள்ளை, ஒரு கைல அரம். அவ மூக்குக்கு நேரா வச்சு இழுத்துக் காட்டினாரு. அடி, நடு, முனை, எல்லா இடத்துலயும் வழுக்குது.

"இவ்ளோதான் உன் வித்தை. இதுக்கு இத்தனை வருஷம் ஒரு பேரு."

"நல்லா வந்திருக்கு," அப்படின்னா கோழி.

அரம் கண்ணாடி மேலயும்தான் வழுக்கும். சூடு மீறிப் போன இரும்பும் கண்ணாடியும் ஒரே ஜாதி. ரொம்பக் கெட்டியா இருக்கும், லேசா ஒரு பக்கம் இழுபட்டா போதும், உடைஞ்சிடும். அவளுக்கு அது தெரியும். அவரு போற முதுகைப் பாத்துக்கிட்டே நின்னா. கூப்பிட்டிருக்கலாம். கூடம் தாண்டற வரைக்கும் கூப்பிட நேரம் இருந்துது.

மெஷின் ஓட ஆரம்பிச்சுது. பழைய மோட்டாரா இருந்தா கத்தி பெல்ட் ஓரத்துல மாட்டின உடனே முனகிக்கிட்டே நின்னு போயிருக்கும், மாப்பிள்ளையும் திட்டிக்கிட்டே எடுத்திருப்பாரு. இது நிக்கற ஜாதி இல்ல. முனை பெல்ட் ஓரத்துல மாட்டுச்சு, பெல்ட் விடாம இழுத்துது, கத்தி பிஸ்கட் மாதிரி ரெண்டாச்சு. உடைஞ்ச பாதி இடது கையைக் கிழிச்சுக்கிட்டுப் போய்ச் சுவத்துல அடிச்சு விழுந்துது. அடுப்படிக்குக் கேட்டது ஒரு டக் மட்டும்தான். அப்புறம் அவரு குரல்.

கோழி துண்டை எடுத்துக்கிட்டுப் போனா. ஓடல, போனா. முதல்ல சுவிட்சை அணைச்சா. கையைச் சுத்தி இறுக்கிக் கட்டி, பக்கத்து வீட்டு வண்டில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. தையல் போட்டாங்க. சுண்டு விரலும் அதுக்கு அடுத்த விரலும் இனி மடங்காதுன்னு டாக்டர் சொன்னாரு. அவ தலையாட்டிக் கேட்டுக்கிட்டு, சாப்பாட்டுக்கு முன்னாடி எது, பின்னாடி எதுன்னு மாத்திரையைப் பத்தி விவரமா விசாரிச்சா. பாத்தவங்க எல்லாம் என்ன பொறுமைசாலின்னு நினைச்சிருப்பாங்க.

வீட்டுக்கு வந்தா, பெரியவரு அந்த உடைஞ்ச துண்டைக் கைல வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. உடைஞ்ச இடம் சாம்பல் மாதிரி நைசா இருக்கணும். இது சர்க்கரை மாதிரி மணி மணியா மின்னுது. மனுஷனுக்கு வாய்தான் கெட்டதே தவிர தொழில் மறக்கல. பொண்ணு ஏன் இருட்டுல உக்காந்தான்னு அவருக்கு அப்பதான் உறைச்சுது.

ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டா பண்ணினான்னு கேட்டாரு. இத்தனை நாள் இல்லாம மாப்பிள்ளை அன்னிக்கு அவன் ஆயிட்டாரு. ஆமாம்னா. உனக்கு முன்னாடியே தெரியுமான்னாரு.

"கொக்கி சத்தம் கேட்டுது."

"சொல்லியிருக்கலாமே. உன் புருஷன்டி."

"உலைப்பக்கம் வராதன்னு சொன்னீங்களேப்பா."

பெரியவரு அவளை ரொம்ப நேரம் பாத்தாரு. எத்தனையோ குத்தம் கண்டுபிடிச்ச கண்ணு அது. இந்த ஒண்ணை எந்தப் பேருல சேக்கறதுன்னு அதுக்குத் தெரியல. முதல் தடவையா அவருதான் முகத்தைத் திருப்பிக்கிட்டாரு.

ஆர்டர் அப்படியே கிடந்துது. மாப்பிள்ளை போட்ட பதம் எல்லாம் குப்பை. ஓட்டல்லேருந்து ரெண்டு தடவை ஃபோன் வந்துடுச்சு. பெரியவருக்கு முதுகு இல்ல, மாப்பிள்ளைக்குக் கை இல்ல. மூணாவது தடவை ஃபோன் அடிச்சப்ப, எடுக்காமலேயே, பதம் இனி நீயே போடுன்னாரு பொண்ணுகிட்ட. உலைன்னு ஆரம்பிச்சு, வேணும்னா மெஷினும்னு முடிச்சாரு.

போடறேன்னா. ஆனா முதல்ல மாஸ்டர்கிட்ட போய், அந்த மூணு கத்தியைக் கெடுத்தது யாருன்னு இவரு சொல்லணும். ஃபோன்ல வேணாம், நேர்ல.

"கையில கட்டோட இருக்கான்டி."

"வாய்ல கட்டு இல்லையேப்பா."

மாப்பிள்ளை கட்டில்ல படுத்தபடி இதையெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. மாமனாரு ஏதாவது பேசி நிறுத்துவாருன்னு கடைசி வரைக்கும் பாத்தாரு. பெரியவரு ஃபோனைத் துடைச்சுக்கிட்டிருந்தாரு.

மறுநாள் காலைல கிளம்பினாங்க. சட்டையோட இடது கையைக் கட்டு மேல நுழைக்க முடியல, அவதான் கத்தரிக்கோலால சட்டைக் கைத் தையலைப் பிரிச்சு மாட்டி விட்டா. பொத்தானும் போட்டு விட்டா. வழியில லேத்துக்காரர் கடைல நின்னு, பாதி சைஸ்ல ஒரு வீல் கடைஞ்சு வைங்கண்ணான்னு சொல்லிட்டு வந்தா. மாப்பிள்ளை ரோட்டு ஓரமா, யாரும் கூப்பிடாத இடமாப் பாத்து நின்னாரு. அப்பவும் ஒருத்தர், என்ன மாப்பிள்ளை, கையில என்னன்னு கேட்டுட்டுத்தான் போனாரு.

ஓட்டலுக்குப் பின்வாசல் வழியாப் போனாங்க. கிச்சன் ஒரு கல்யாண மண்டபம் அளவு இருக்கு. வரிசையா அடுப்பு, மேல ராட்சசன் மாதிரி புகை இழுக்கற ஃபேன், தண்ணி அடிக்கற சத்தம், தட்டு சத்தம். பத்துப் பதினஞ்சு பேர் வெள்ளைக் கோட்டு போட்டு நறுக்கிக்கிட்டும் கிளறிக்கிட்டும் நிக்கறாங்க. மாஸ்டர் அந்தக் கோடியில ஏதோ ருசி பாத்துக்கிட்டிருந்தாரு. வெளிய வாங்க, தனியாப் பேசலாம்னு மாப்பிள்ளை சைகை காட்டினாரு. அவருக்கு அடுப்பை விட்டு வர முடியல, என்னங்கன்னு அங்கேருந்தே தலையை ஆட்டினாரு.

மாப்பிள்ளை கோழியைப் பாத்தாரு. கண்ணுல தண்ணி நின்னுது, புகையாக்கூட இருக்கலாம்.

"அந்த மூணு கத்தி," அப்படின்னாரு. "நான்தான் எரிச்சுட்டேன். பதம் சரியாத்தான் இருந்துது."

மாஸ்டர் காதுகிட்ட கையை வச்சுக் காட்டினாரு.

"கேக்கலையாம்," அப்படின்னா கோழி. "சத்தமா சொல்லுங்க."

மாப்பிள்ளை மூச்சை இழுத்து, உள்ள இருந்ததெல்லாம் சேத்துக் கத்தினாரு. சரியா அந்த நேரம் பாத்து எவனோ ஃபேனை அணைச்சுட்டான். நான்தான் எரிச்சேன், அவ பதத்துல தப்பில்ல, நான்தான் பொய் சொன்னேன்னு அவரு குரல் அந்தக் கிச்சன் முழுக்க, பாத்திரத்துல எல்லாம் பட்டு எதிரொலிச்சுது. நறுக்கிக்கிட்டிருந்தவன் நறுக்கறதை நிறுத்திட்டான். பாத்திரம் கழுவற பொம்பளை எட்டிப் பாத்தா. யாரோ ஒருத்தன் களுக்குனு சிரிச்சான், அப்புறம் இன்னொருத்தன்.

மாஸ்டருக்குத்தான் சங்கடமாப் போச்சு. கரண்டியை வச்சுட்டு நடந்து வந்தாரு. மாப்பிள்ளையைப் பாக்கப் பிடிக்காம கோழியைப் பாத்து, "அதெல்லாம் இருக்கட்டும்மா. எனக்குக் கத்தி எப்ப வரும்?"னு கேட்டாரு.

"அடுத்த வாரம் வந்துடும் மாஸ்டர். பதம் என்னோடது. சாணையும் இனி நான்தான்."

சரிம்மான்னாரு. திரும்பினாரு. ஃபேனை மறுபடி போட்டாங்க. மாப்பிள்ளை வாசலை நோக்கி நடக்க ஆரம்பிச்சுட்டாரு, நல்ல கையால கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. கோழி பின்னாடியே போகல. அங்கயே நின்னு, நறுக்கிக்கிட்டிருந்தவன்கிட்ட இருந்து ஒரு கத்தியை வாங்கி, வெளிச்சத்துல பிடிச்சு, கூர் எப்படி இருக்குன்னு நிதானமாப் பாத்துக்கிட்டிருந்தா. சின்னதா ஒரு சிரிப்பு அவ வாய்ல வந்துது. இந்தத் தடவை அதை அடக்கணும்னு அவளுக்குத் தோணவே இல்ல.